ஹோலில் தெரிந்த அடைவு விளம்பரம்: வீட்டு உலாவியை ஒழுங்குபடுத்தும் முறை

சென்ற ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கென்று கனடாவிலிருந்து வந்த பெரியம்மா குடும்பம் எங்கள் வீட்டில் தங்கியிருந்தது. ஒருநாள் மாலை, லப்டொப்பை வயர் போட்டு ஹோலில் இருந்த தொலைக்காட்சியோடு இணைத்து, அன்றைய தேர்ப் படங்களை ஒரு செய்தித் தளத்தில் திறந்து எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு படங்களுக்கு நடுவே, தங்க நகைக்குப் பத்து நிமிடத்தில் கடன் என்று ஒரு விளம்பரம் தொலைக்காட்சித் திரையின் அரைவாசியை அடைத்துக்கொண்டு வந்தது. கீழே இறங்கினால் அதே விளம்பரம் வேறு நிறத்தில் நின்றது. பெரியம்மா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "என்ன தம்பி, ஆற்றை நகையை அடைவு வைக்கப் போறியள்?" என்று கேட்டார். அவர் பகிடியாகத்தான் கேட்டார். ஆனால் கூரைத் திருத்த வேலைக்காக மனைவியின் காப்பை அடைவு வைப்பதா, வங்கியில் கடன் எடுப்பதா என்று அதற்கு முந்திய மூன்று இரவுகளும் அதே லப்டொப்பில் வட்டி வீதங்களைத் தேடிக்கொண்டிருந்தவன் நான். அது மனைவிக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியாது. கொக்குவிலில் கணினி திருத்தும் கடை வைத்திருப்பவனின் வீட்டிலேயே இது நடந்தது என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

இணையத் தனியுரிமை பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் எங்கோ தொலைவில் இருக்கும் பெரிய நிறுவனங்கள் நம்மைப் பற்றி என்ன சேர்த்து வைத்திருக்கின்றன என்பதிலேயே தொடங்குவார்கள். அது பெரிய விடயந்தான். ஆயினும் ஒரு லப்டொப்பை நான்கு பேரும், ஒரு போனைத் தாயும் பிள்ளையும் பாவிக்கும் எங்கள் ஊர் வீடுகளில், ஒருவர் தேடிய விடயம் முதலில் ஒழுகுவது சொந்த ஹோலுக்குள்தான். கர்ப்பம், குழந்தைப்பேற்றுச் சிகிச்சை, கடன், வெளிநாட்டு வீசா, கல்யாணப் பேச்சு என்று நாங்கள் வீட்டாருக்குக்கூட நேரம் பார்த்துச் சொல்லும் விடயங்கள் எல்லாம் விளம்பரமாக மாறி முன்னே வந்து நிற்கக்கூடியவை. ஆகவே இந்த வழிகாட்டி, முதலில் வீட்டுக்குள் பிரித்து வைப்பது, பிறகு வெளியாரைத் தடுப்பது, அதன் பிறகு கணக்குகளையும் போனையும் ஒழுங்குபடுத்துவது என்ற வரிசையில் செல்கிறது. பெரும்பாலானோரின் போனும் கணினியும் ஆங்கில மெனுவிலேயே இருப்பதால், அழுத்த வேண்டிய இடங்களின் பெயர்களைத் திரையில் காணப்படும் உச்சரிப்பிலேயே தந்திருக்கிறேன். பதிப்புக்குப் பதிப்பு ஒரு சொல் முன்பின்னாக இருக்கலாம்.

அந்த விளம்பரம் வந்த வழி

நான் ஒரு நகைக்கடன் நிறுவனத்தின் தளத்தைத் திறந்தபோது, என் உலாவி அந்த நிறுவனத்தின் கணினியோடு மாத்திரம் பேசவில்லை. அந்தப் பக்கத்தினுள் விளம்பர வலையமைப்பு ஒன்றின் சிறு நிரல் வைக்கப்பட்டிருந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளிப் படம் என்றுகூட அதனைச் சொல்லலாம். அதனை எடுத்து வருவதற்காக உலாவி விளம்பர வலையமைப்பின் கணினிக்கும் ஒரு கோரிக்கை அனுப்பியது. வந்த பதிலோடு, நீண்ட இலக்கம் ஒன்று எழுதப்பட்ட சிறு குறிப்பு, அதாவது குக்கி, என் கணினியில் வைக்கப்பட்டது. அந்த இலக்கத்தில் என் பெயர் இல்லை. பெயர் தேவையும் இல்லை. இன்ன இலக்கமுடைய உலாவி நகைக்கடன் வட்டியை மூன்று முறை பார்த்தது என்ற குறிப்பே போதும்.

பிறகு நான் செய்தித் தளத்தைத் திறந்தேன். அதில் விளம்பரத்துக்கென்று விடப்பட்டிருந்த வெற்றிடம், பக்கம் திறக்கும் அந்தக் கணத்திலேயே ஏலத்துக்கு விடப்படுகிறது. அதே வலையமைப்பு, தான் முன்னர் வைத்த குக்கியின் இலக்கத்தை வாசித்து, இவர் அடைவுக்கு ஆயத்தமாக இருப்பவர் என்று கண்டுகொள்கிறது. நகைக்கடன் நிறுவனம் கூடிய விலை கேட்கிறது; இடம் அதற்குப் போகிறது. இந்த ஏலம் முழுவதும் ஏறத்தாழ ஒரு செக்கனின் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் முடிந்துவிடுகிறது. மீன்சந்தையில் கூறிய விலையைக் காது வாங்கும் முன்பே இங்கே ஒருவரின் கவனம் விற்கப்பட்டுவிடும்.

குக்கியை வடிவமைத்தவர் நெற்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மொன்ருலி, ஆண்டு 1994. ஒருவர் ஏற்கெனவே தளத்துக்கு வந்தவரா, கடைக்கூடைக்குள் என்ன போட்டார் என்பதை நினைவில் வைக்கவே அது வந்தது. ஒரு தளம் தன் வாடிக்கையாளரை நினைவில் வைக்க வேண்டுமென்று தோன்றிய சாதனத்தை, பல தளங்களில் ஒரே நேரத்தில் உட்கார்ந்திருக்கும் மூன்றாம் தரப்பு ஒன்று ஆளைப் பின்தொடரப் பயன்படுத்தியது பிறகு நடந்தது. (அதே 1994இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. சைக்கிளின் டைனமோவைச் சுற்றி றேடியோக் கேட்டுக்கொண்டிருந்த எங்களை அன்றைக்கு எந்த விளம்பரதாரரும் தேடவில்லை.) தளம் தனக்கென்று வைக்கும் குக்கியும் மூன்றாம் தரப்புக் குக்கியும் வேறு வேறு என்பதை மனதில் பதித்துக்கொண்டால், கீழே வரும் படிகள் எல்லாம் இலகுவாக விளங்கும். முதலாவதைத் தடுத்தால் வங்கித் தளத்தில் உள்நுழையவே முடியாது. இரண்டாவதைத் தடுத்தால் பெரும்பாலும் ஒன்றும் கெடாது.

முதலில் ஆளுக்கொரு புரொபைல்

குரோம் உலாவியில் வலப்பக்க மேல்மூலையில் ஒரு சிறு வட்டம் இருக்கும். அதனை அழுத்தி, புதிய புரொபைல் சேர்க்கும் இடத்துக்குச் சென்று, கணக்கு எதுவும் இல்லாமல் தொடரும் தெரிவை எடுத்து, பெயரும் நிறமும் கொடுத்தால் ஒரு தனி உலாவி உருவாகிவிடும். அதன் குக்கி, வரலாறு, சேமித்த கடவுச்சொல் யாவும் தனியானவை. எங்கள் வீட்டில் இப்போது நான்கு இருக்கின்றன: எனக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று, மகனின் பாடங்களுக்கு ஒன்று, "ஹோல்" என்ற பெயரில் தொலைக்காட்சியோடு இணைக்கும்போது மாத்திரம் திறக்கும் ஒன்று. அந்த ஹோல் புரொபைலில் எவரும் எந்தக் கணக்கிலும் உள்நுழைவதில்லை என்பது வீட்டுச் சட்டம். பயர்பொக்ஸ், எட்ஜ் ஆகியவற்றிலும் புரொபைல் வசதி உண்டு.

விருந்தினர் வந்து மெயில் பார்க்கக் கேட்டால், அதே வட்டத்தை அழுத்தி "கெஸ்ட்" சாளரத்தைத் திறந்து கொடுங்கள். அதனை மூடியதும் உள்ளே நடந்ததெல்லாம் அழிந்துவிடும். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் தம் கூகுள் கணக்கில் உள்நுழைந்துவிட்டு வெளியேறாமல் விமானம் ஏறிய பின்னர், மாதக்கணக்கில் ரொறன்ரோ வீட்டு விற்பனை விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டிருந்த குடும்பம் ஒன்றை எனக்குத் தெரியும்.

ஒரு விடயத்தை மறைக்கக்கூடாது. புரொபைல் என்பது பூட்டு அன்று. வட்டத்தை அழுத்தத் தெரிந்த எவரும் மற்றவருடையதைத் திறக்கலாம். உண்மையாகவே ஒளித்து வைக்க வேண்டிய தேவை இருந்தால், விண்டோஸிலேயே கடவுச்சொல்லோடு தனிப் பயனர் கணக்கு உருவாக்க வேண்டும். அதேபோல், நான்கு புரொபைலும் ஒரே வைபை வழியாகவே வெளியே போகின்றன. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அந்த வீட்டுக்கு ஒரே ஐ.பி. முகவரிதான் (இணைய இணைப்பை அடையாளம் காட்டும் இலக்கம்). ஒரே முகவரியிலிருந்து வரும் கருவிகளை ஒரே வீட்டுக்காரருடையவை என்று விளம்பர நிறுவனங்கள் சேர்த்துக் கணிப்பதுண்டு. உங்கள் போனில் தேடியது தங்கச்சியின் போனில் விளம்பரமாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்கொக்னிற்றோவை எவ்வளவு நம்பலாம்

கடைக்கு வருபவர்களில் பலர், கறுப்புச் சாளரத்தைத் திறந்துவிட்டால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது என்று நினைக்கிறார்கள். இன்கொக்னிற்றோ என்ற அந்தக் கறுப்புச் சாளரம் செய்வது ஒரு வேலைதான்: சாளரங்களை எல்லாம் மூடிய பின்னர் வரலாற்றையும் குக்கிகளையும் அந்தக் கணினியில் விட்டுவைக்காது. வீட்டாரிடமிருந்து மறைப்பதற்கு அது நல்லது. அந்த இரவுகளில் நான் அதனைத் திறந்திருந்தால் பெரியம்மா கேள்வி கேட்டிருக்கமாட்டார். ஆனால் நீங்கள் திறக்கும் தளத்துக்கும், இணைய இணைப்பைத் தரும் நிறுவனத்துக்கும், அலுவலக வலையமைப்பை நடத்துபவருக்கும் அது எதனையும் மறைப்பதில்லை. இதைப் பற்றியே 2020இல் அமெரிக்காவில் கூகுளுக்கு எதிராக வழக்கொன்று தொடுக்கப்பட்டது. 2024 ஏப்ரலில் வெளிவந்த இணக்கப்பாட்டின்படி, இன்கொக்னிற்றோவில் உலாவியோரின் பல நூறு கோடித் தரவுப் பதிவுகளை அழிக்கக் கூகுள் ஒப்புக்கொண்டது. அந்தச் சாளரத்தின் முகப்பில் இருக்கும் எச்சரிக்கை வாசகமும் திருத்தப்பட்டது. ஒருமுறை நிதானமாக வாசித்துப் பாருங்கள்.

மூன்றாம் தரப்பை வாசலில் நிறுத்துதல்

இந்த வழிகாட்டியில் ஒரேயொரு படியைச் செய்ய மட்டுமே நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். குரோமில் மூன்று புள்ளி, செற்றிங்ஸ், பிரைவசி அன்ட் செக்கியூரிற்றி, தேர்ட் பார்ட்டி குக்கீஸ் என்று போய், "புளொக்" என்பதைத் தெரிவு செய்யுங்கள். எவரும் தொடாத குரோமில் இன்கொக்னிற்றோவுக்குள் மாத்திரமே இது தடுக்கப்பட்டிருக்கும். சாதாரண சாளரத்தில் திறந்தே கிடக்கும்.

ஏன் திறந்து கிடக்கிறது என்பதற்கு ஒரு கதை உண்டு. சபாரி உலாவி 2020 மார்ச்சிலேயே மூன்றாம் தரப்புக் குக்கிகளை முற்றாக நிறுத்தியது. பயர்பொக்ஸ் 2019 செப்ரெம்பரில் அறியப்பட்ட பின்தொடரிகளின் குக்கிகளைத் தானாகவே தடுக்கத் தொடங்கி, 2022இல் ஒவ்வொரு தளத்தின் குக்கிகளையும் தனித்தனி டப்பாவில் அடைக்கும் முறையைக் கணினிப் பதிப்பில் எல்லோருக்கும் கொண்டுவந்தது. கூகுளும் 2020 ஜனவரியில், இரண்டு ஆண்டுகளுக்குள் நிறுத்துவோம் என்றது. பிறகு 2023 என்றது, அதன் பிறகு 2024 என்றது. 2024 ஜூலையில் நிறுத்துவதில்லை, பயனரிடமே தெரிவை விடுவோம் என்றது. 2025 ஏப்ரலில் அதற்கெனத் தனியாக ஒரு கேள்விகூடக் கேட்கப்போவதில்லை என்று முடித்துக்கொண்டது. விளம்பரத்தில் வாழும் நிறுவனம் விளம்பரத்தின் வேரை வெட்டுமென்று எதிர்பார்த்ததில் தவறு எங்களுடையது என்பது என் எண்ணம். குக்கிக்குப் பதிலாக, உலாவியே உங்கள் விருப்பங்களைக் கணித்து விளம்பரதாரருக்குச் சொல்லும் முறை ஒன்றும் 2023இல் குரோமில் வந்தது. அதுவும் 2025 ஒக்டோபரில் கைவிடப்படுவதாக அறிவிக்கப்பட்டது. உங்கள் குரோமின் பிரைவசிப் பக்கத்தில் "அட் பிரைவசி" என்ற பகுதி இன்னும் இருந்தால், அதற்குள் இருக்கும் மூன்று சுவிச்சுகளையும் அணைத்துவிடுங்கள்.

பயர்பொக்ஸில் செற்றிங்ஸ், பிரைவசி அன்ட் செக்கியூரிற்றி என்று போனால், "ஸ்ராண்டர்ட்", "ஸ்ரிக்ற்", "கஸ்ரம்" என்று மூன்று படிநிலைகள் இருக்கும். நடுவில் இருப்பதைத் தெரிவு செய்யுங்கள். எட்ஜில் "ட்ராக்கிங் பிரிவென்சன்" என்ற இடத்தில் "ஸ்ரிக்ற்". ஐபோனின் சபாரியில் "பிரிவென்ற் குறொஸ் சைற் ட்ராக்கிங்" பச்சையாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

தடுத்த பின்னர் எப்போதாவது ஒரு தளம் முரண்டு பிடிக்கும். இன்னொரு நிறுவனத்தின் கணக்கைக்கொண்டு உள்நுழையும் பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கலாம். பணம் கட்டும் பக்கம் வெறுமையாக வரலாம். அதற்காக எல்லாவற்றையும் திறந்துவிட வேண்டாம். குரோமில் முகவரிப் பட்டையின் வலப்பக்கத்தில் குறுக்குக்கோடு போட்ட கண் அடையாளம் தோன்றும்; அதை அழுத்தி அந்த ஒரு தளத்துக்கு மாத்திரம் அனுமதி கொடுக்கலாம். பயர்பொக்ஸில் முகவரிப் பட்டையின் இடப்பக்கத்தில் கேடய அடையாளம் இருக்கும்.

விளம்பரத் தடுப்பான் ஒன்றையும் நிறுவலாம். நான் பரிந்துரைப்பது றேமண்ட் ஹில் உருவாக்கிய யூபிளொக் ஒரிஜின். பயர்பொக்ஸில், அன்ட்ரொயிட் போனிலும்கூட, அது முழு வலுவோடு இயங்குகிறது. குரோம் தன் நீட்சிகளுக்கான (உலாவியோடு சேர்க்கும் சிறு நிரல்களுக்கான) விதிகளை மாற்றியதால் அங்கே அதன் குறைந்த வடிவமான யூபிளொக் ஒரிஜின் லைற் மாத்திரமே இப்போது கிடைக்கிறது. பெயர் ஒத்த போலிகள் இருப்பதால் எழுத்தெழுத்தாகப் பார்த்து நிறுவுங்கள். விளம்பரங்கள் இறங்காததால் டேற்றாவும் மிஞ்சும் என்பது றீலோட் போட்டுப் பாவிப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆயினும் எங்கள் ஊர்ச் செய்திகளைத் தரும் சிறிய தளங்கள் அந்த விளம்பரக் காசிலேயே ஓடுகின்றன. நான் அன்றாடம் வாசிக்கும் இரண்டு தளங்களுக்குத் தடுப்பானை அணைத்து வைத்திருக்கிறேன். மூன்றாம் தரப்புக் குக்கித் தடையை மாத்திரம் எவருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. விளம்பரம் வரட்டும், என் காப்பைப் பற்றி அதற்குத் தெரியாமல் வரட்டும்.

இலண்டனிலிருந்தும் பாரிசிலிருந்தும் நடத்தப்படும் தமிழ்த் தளங்களைத் திறந்தால் குக்கிக்கு அனுமதி கேட்டு ஒரு பெட்டி வரும். 2018இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிகளின் பின்னர் இது பெருகியது. ஏற்றுக்கொள்ளும் பொத்தான் பெரிதாகவும் மறுக்கும் பொத்தான் மங்கிய எழுத்திலும் இருப்பது தற்செயல் அன்று. தேடி மறுத்துவிடுங்கள்.

குக்கி இல்லாமலும் அடையாளம் காண்பது

திரையின் அளவு, உலாவியின் பதிப்பு, நேர வலயம், மொழி, நிறுவப்பட்ட எழுத்துருக்கள் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு கணினிக்குக் கைரேகைபோல ஒன்று கிடைத்துவிடும். எலெக்ற்றொனிக் புரொன்ரியர் பவுண்டேசன் என்ற அமெரிக்க அமைப்பு 2010இல் வெளியிட்ட ஆய்வில், பரிசோதிக்கப்பட்ட ஏறத்தாழ 4,70,000 உலாவிகளில் 83.6 வீதமானவை வேறெதனோடும் ஒத்துப்போகாத தனி ரேகை கொண்டிருந்தன.

இதில் எங்களுக்கென்று ஒரு விசேடம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் தட்டச்சு வேலை நடக்கும் கணினிகளில் பாமினி எழுத்துருவும் அதன் உறவுக்காரரும் இருபது முப்பதாவது கிடக்கும். உலகத்தின் மற்றக் கணினிகளில் அவை மிக அரிது. எனவே எழுத்துருப் பட்டியலைப் படிக்கும் நிரலுக்கு எங்கள் கணினி கூட்டத்தில் வேட்டி கட்டி நிற்பவர்போலத் தனியாகத் தெரியும். அதற்காகப் பாமினியை அழிக்கத் தேவையில்லை. அழைப்பிதழ் அடிக்க அது வேண்டும். சபாரி 2018 முதலே நாமாக நிறுவிய எழுத்துருக்களைத் தளங்களுக்குக் காட்டுவதில்லை. பயர்பொக்ஸும் "ஸ்ரிக்ற்" நிலையில் அவற்றை மறைக்கிறது. தட்டச்சுக்கென்று உள்ள கணினியில் உலாவப் பயர்பொக்ஸையே பாவிக்கச் சொல்வது இதனால்தான். கண்ட கண்ட நீட்சிகளை எல்லாம் சேர்ப்பதும் ரேகையை இன்னும் தனித்துக் காட்டும். ஒரு தடுப்பான் போதும்.

கூகுள், பேஸ்புக் கணக்குகள்

உள்நுழைந்த நிலையில் நீங்கள் தேடுவதைத் தெரிந்துகொள்ளக் கூகுளுக்குக் குக்கியின் தயவு வேண்டியதில்லை. கூகுள் கணக்கின் "மை அட் சென்ரர்" பக்கத்துக்குச் சென்று, மேலே இருக்கும் தனிப்பட்ட விளம்பரச் சுவிச்சை அணையுங்கள். முழுதாக அணைக்க விருப்பமில்லாதவர்களும் அங்கேயுள்ள "சென்சிற்றிவ்" பகுதியை ஒருமுறை பார்க்க வேண்டும். மது, சூதாட்டம், துணை தேடல், உடல் எடைக் குறைப்பு, கர்ப்பமும் பிள்ளை வளர்ப்பும் ஆகியவை பற்றிய விளம்பரங்களை அங்கே தனித்தனியாகக் குறைக்கலாம். குழந்தைக்காகக் காத்திருக்கும் வீட்டிலும், கருச்சிதைவு நடந்த வீட்டிலும், தொட்டில் விளம்பரம் வருவது எவ்வளவு கொடுமை என்பதை நான் விளக்கத் தேவையில்லை. பிறகு "வெப் அன்ட் அப் அக்ரிவிற்றி" என்ற இடத்தில், மூன்று மாதத்துக்கு மேற்பட்ட பதிவுகள் தானாக அழியும்படி வைத்துவிடுங்கள். யூரியூப் வரலாற்றுக்கும் அதே வசதி உண்டு.

பேஸ்புக்கில் "அக்கவுண்ட்ஸ் சென்ரர்" என்பதற்குள், மற்ற வணிக நிறுவனங்கள் உங்களைப் பற்றி பேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெற்றாவுக்கு அனுப்பிய விபரங்களின் பட்டியல் இருக்கிறது. முதல்முறை திறப்பவர்கள் கொஞ்சம் திகைப்பார்கள். பேஸ்புக்குக்குச் சம்பந்தமே இல்லாத கடைகளும் செயலிகளும் அதில் வரிசையாக இருக்கும். பழையவற்றை அழித்துவிட்டு, இனி வருவனவற்றையும் என் கணக்கோடு சேர்க்காதே என்ற தெரிவை எடுக்கலாம்.

இங்கே உலாவிக்கு வெளியே நடக்கும் ஒன்றையும் சொல்ல வேண்டும். புடைவைக் கடையில் பில் போடும்போது போன் இலக்கம் கேட்பார்கள். வாடிக்கையாளரின் இலக்கங்களைப் பட்டியலாகப் பேஸ்புக்கிலோ கூகுளிலோ ஏற்றி, அந்த ஆட்களுக்கு மாத்திரம் விளம்பரம் காட்டச் சொல்லும் வசதி எந்த வணிகருக்கும் உண்டு. கேட்டவுடன் ஒப்புவிக்க வேண்டிய கட்டாயம் ஒன்றுமில்லை. "இல்லாமல் போடுங்கோ" என்றாலும் பில் வரும்.

போனில் செய்ய வேண்டியவை

அன்ட்ரொயிட்டின் குரோமில் கணினியில் போலப் புரொபைல் வசதி இல்லை. ஆகவே போனில் இரண்டு உலாவிகளை வைத்துக்கொள்ளுங்கள். செய்திக்கும் அன்றாட வேலைக்கும் ஒன்று. நோய், காசு, வீட்டு விடயம் ஆகியவற்றுக்குக் கணக்கு எதுவும் இணைக்கப்படாத பயர்பொக்ஸ். அதன் செற்றிங்ஸில், வெளியேறும்போது உலாவல் தரவை அழிக்கும் தெரிவையும் போட்டுவிடுங்கள்.

அடுத்தது, போனுக்கென்று உள்ள விளம்பர இலக்கம். செயலிகள் ஆளை அடையாளம் காண்பது இதனால்தான். செற்றிங்ஸில் கூகுள், அதற்குள் அட்ஸ் என்று போய் "டிலீற் அட்வர்ரைசிங் ஐடி" என்பதை அழுத்தினால் போதும், எதுவும் கெடாது. ஐபோனில் 2021 ஏப்ரல் முதல் செயலிகள் பின்தொடர முன் அனுமதி கேட்க வேண்டும். பிரைவசி அன்ட் செக்கியூரிற்றி, ட்ராக்கிங் என்ற இடத்தில், கேட்கவே விடாமலும் தடுத்துவிடலாம்.

பேஸ்புக்கில் வரும் ஓர் இணைப்பை அழுத்தினால் அது உங்கள் உலாவியில் திறப்பதில்லை. செயலிக்குள்ளேயே இருக்கும் உலாவியில் திறக்கிறது. நீங்கள் பாடுபட்டுப் போட்ட தடைகள் எவையும் அங்கே இல்லை. மேலேயுள்ள மூன்று புள்ளியை அழுத்தி வெளி உலாவியில் திறக்கும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

கடைக்கு அதிகமாக வரும் முறைப்பாடு வேறொன்று. சில மாதங்களுக்கு முன் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், "தம்பி, போனுக்கு வைரஸ் பிடிச்சிட்டுது" என்று கொண்டுவந்தார். மேசையில் வைத்த இரண்டு நிமிடத்துக்குள் போன் ஆறு முறை துடித்தது. மூட்டுவலித் தைலம், பரிசு விழுந்த செய்தி, ஆபாசமான ஒரு படம். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வைரஸ் ஒன்றுமில்லை. ஏதோவொரு தளம் "அலௌ" கேட்டபோது, பக்கத்தை வாசிக்க விடும் பொத்தானென்று நினைத்து அழுத்தியிருக்கிறார். அப்படிப் பதினேழு தளங்கள். குரோமில் செற்றிங்ஸ், சைற் செற்றிங்ஸ், நோட்டிபிகேசன்ஸ் என்று போய், அந்தப் பதினேழையும் ஒவ்வொன்றாக நீக்கி, இனி எந்தத் தளமும் கேட்காதபடி மேலேயிருக்கும் சுவிச்சையும் அணைத்துக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை, தோட்டத்து முருங்கைக்காய் ஒரு கட்டு மறுநாள் வந்தது.

போன் ஒட்டுக் கேட்கிறது என்று சொல்பவர்களும் உண்டு. 2018இல் அமெரிக்காவின் நோர்த் ஈஸ்ரேர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 17,000க்கும் மேற்பட்ட அன்ட்ரொயிட் செயலிகளைப் பரிசோதித்தபோது, பேச்சை இரகசியமாகப் பதிவுசெய்து அனுப்பியதற்கு அவர்களுக்குச் சான்று கிடைக்கவில்லை. சில செயலிகள் திரையைப் படம்பிடித்து வெளியாருக்கு அனுப்பியதையே கண்டார்கள். பேசிய விடயம் விளம்பரமாக வருவதற்கு, பேச்சின் மறுபக்கத்தில் இருந்தவர் அதே வைபையில் அதனைத் தேடியிருப்பதே பெரும்பாலும் காரணமாக இருக்கலாம். ஆயினும் மைக் அனுமதி எந்தெந்தச் செயலிக்கு இருக்கிறது என்று பார்த்து, தேவையற்றதை நீக்குவதில் நட்டமில்லை.

சட்டத்தைப் பொறுத்தவரை, இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டிருக்கிறது. சட்டம் காப்பாற்றட்டும் என்று காத்திருக்காமல் மேலேயுள்ள சுவிச்சுகளை இன்றே அணைப்பது கைக்கு எட்டும் காரியம்.

சரியாக வேலை செய்கிறதா என்று பார்த்தல்

முதலில் பழைய குக்கிகளைத் துடைக்க வேண்டும். தடை போட முன்னர் வந்தவை உள்ளேயே இருக்கும். கணினியில் கொன்ட்ரோல், சிப்ற், டிலீற் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் அதற்கான பெட்டி திறக்கும். கால அளவை "ஓல் ரைம்" என்று வைத்து, குக்கிகளை மாத்திரம் தெரிவு செய்து அழியுங்கள். பெரும்பாலான தளங்களிலிருந்து வெளியேற்றப்படுவீர்கள் என்பதால், கடவுச்சொற்கள் கையில் இருக்கின்றனவா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு, உங்களுக்குத் துளியும் தேவையற்ற ஒரு பொருளைத் தெரிந்தெடுங்கள். நான் நீர்ப்பம்பியைத் தெரிந்தெடுத்தேன். எங்கள் வீட்டில் நல்ல பம்பி இருக்கிறது. நான்கைந்து விற்பனைத் தளங்களில் அதன் விலையைப் பாருங்கள். மறுநாள் வழக்கமான செய்தித் தளத்தைத் திறந்து, பம்பி விளம்பரம் வருகிறதா என்று கவனியுங்கள். வராவிட்டால் வேலை நடந்திருக்கிறது. வந்தால், விளம்பரத்தின் மூலையிலிருக்கும் சிறு முக்கோணத்தையோ மூன்று புள்ளியையோ அழுத்தி, அதனை அனுப்பிய வலையமைப்பு எது என்று பாருங்கள். கூகுளுடையது என்றால், உலாவியின் மேல்மூலை வட்டத்தில் யாருடைய படம் இருக்கிறது என்று அடுத்ததாகப் பார்க்க வேண்டும். நான் பரிசோதித்த அன்று எனக்குப் பம்பி வரவில்லை. ஹோல் புரொபைலில் மாத்திரம் மூன்று நாளாகக் கிரிக்கெட் மட்டை வந்துகொண்டிருந்தது. வட்டத்தை அழுத்திப் பார்த்தால், வீட்டுச் சட்டத்தை மீறி மகன் தன் கணக்கில் உள்நுழைந்திருந்தான்.